சங்ககிரி கோட்டை மசூதி முதல் ஊர்ப் பள்ளிவாசல் வரை... பழைய கட்டடங்களை 3டி-யில் பதிவு செய்வது ஏன் அவசரம்? எப்படி செய்யலாம்?

சேலத்திலிருந்து ஈரோடு, கோவை பக்கம் போகிறவர்கள் எல்லாருக்கும் சங்ககிரி மலை தெரியும். மூன்று பக்கம் செங்குத்து, ஒரே பக்கம் மட்டும் ஏறும் வழி. அந்த வழியில் அடுக்கடுக்காக மதில்கள். தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட மலை என்பதால் ஆடி 18 வந்தால் ஊரே அங்கே திரும்பிப் பார்க்கும்.

அதே கோட்டைக்குள் வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. இரண்டு மசூதிகள் இருக்கின்றன. இஸ்லாமியப் பெரியவர் ஒருவரின் அடக்கஸ்தலம் இருக்கிறது. தானியக் கிடங்கு, ஆங்கிலேயர் காலத்து நிர்வாகக் கட்டடங்களும் இருக்கின்றன. சின்னமலையின் கதை பாடப்புத்தகத்தில் வந்துவிட்டது. மசூதிகளின் கதை அவற்றின் சுவரிலும் தூணிலும் சுண்ணாம்புக் காரையிலும்தான் இருக்கிறது.

காரை உதிர்ந்தால் அந்தக் கதையும் சேர்ந்து உதிரும். இதைத் தடுக்க இன்று உலகம் முழுவதும் கையில் எடுக்கும் கருவி கேமராவும் லேசரும். 'டிஜிட்டல் ஆவணப்படுத்தல்' என்று சொல்கிறார்கள். அப்படின்னா என்ன? சேலம், நாமக்கல் பக்கத்தில் இருக்கும் ஒரு சாதாரண ஊர் ஜமாஅத் இதைச் செய்ய முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

சங்ககிரிக்கும் இஸ்லாமியக் கட்டடக்கலைக்கும் என்ன சம்பந்தம்?

சங்ககிரி கோட்டை 15-ம் நூற்றாண்டில், விஜயநகரப் பேரரசு காலத்தில் உருவானது. பிறகு மைசூர் அரசின் கைக்கு வந்தது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் இந்தச் சமவெளி முழுக்கவே போர்க்களம். சங்ககிரி, நாமக்கல், ராயக்கோட்டை என மலைக்கோட்டைகள் அத்தனையும் ராணுவத் தளங்களாக இருந்தன.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் திப்பு சுல்தான் பாராமகால், சேலம் பகுதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கர்னல் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர்தான் பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ. அடுத்த 13 ஆண்டுகளில், 1805 ஜூலை 31-ல், சங்ககிரியில் சின்னமலை தூக்கிலிடப்பட்டார்.

இப்படி ஆட்சி மாற மாற ஒவ்வொருவரும் கோட்டையில் எதையாவது கட்டினார்கள், இடித்தார்கள், பூசினார்கள். அதனால்தான் ஒரே மலையில் கோயில், மசூதி, அடக்கஸ்தலம், கம்பெனிக் கட்டடம் எல்லாம் நிற்கின்றன. இதில் எது யார் காலம் என்று சொல்ல செங்கல்லின் அளவு, காரையின் அடுக்கு, வளைவின் வடிவம், கல்லில் உளி பட்ட தடம் ஆகியவைதான் சாட்சி. அந்தச் சாட்சியைப் பதிவு செய்வதுதான் டிஜிட்டல் ஆவணத்தின் முதல் வேலை.

சேலம் நகருக்குள்ளும் கதை உண்டு. திருமணிமுத்தாறு கரையில் இருக்கும் ஜாமியா மசூதி நகரின் மிகப் பழைய பள்ளிவாசலாகச் சொல்லப்படுகிறது. திப்பு சுல்தான் பெயரோடு சேர்த்தே ஊர் அதைப் பேசுகிறது. நாமக்கல்லில் சுமார் 65 மீட்டர் உயரமுள்ள ஒரே பாறையின் தலையில் கோட்டை நிற்கிறது. அடிவாரத்தில் குடைவரைக் கோயில்கள், மேலே மைசூர் காலத்துப் போர் நினைவுகள்.

இப்போ என்ன அவசரம்?

பழைய கட்டடம் ஒரே நாளில் இடிவது அபூர்வம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். அதற்கு ஐந்து காரணங்களைச் சொல்லலாம்.

1. செடியும் மழையும்: காரை விரிசலில் ஒரு அரச விதை விழுந்தால் போதும். வேர் உள்ளே போய் கல்லையே பிளக்கும். விரிசல் வழியாக மழைநீர் இறங்கி சுவரை உள்ளிருந்து அரிக்கும்.

2. சிமெண்ட்: பழைய சுவர் சுண்ணாம்பால் ஆனது. கடுக்காய், வெல்லம் எல்லாம் சேர்த்து அரைத்த காரை. அது ஈரத்தை வாங்கி, வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். உப்பு பூத்து, கல்லும் செங்கல்லும் பொரிந்து விழும். நல்ல எண்ணத்தில் செய்த மராமத்தே கட்டடத்துக்கு எமனாகிவிடும்.

3. பெயின்ட், டைல்ஸ்: கல்வெட்டு மேல் எனாமல் பெயின்ட் ஏறினால் எழுத்து மூடிப்போகும். பழைய தரைக்கு மேல் டைல்ஸ் ஒட்டினால் தூணின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியாது.

4. இடப்பற்றாக்குறை: ஊர் பெருகுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு 50 பேர் வந்த இடத்துக்கு இன்று 500 பேர் வருகிறார்கள். மழையில் நனைந்துகொண்டு தெருவில் நின்று தொழ வேண்டியிருக்கிறது. அப்போது 'இடிச்சிட்டு பெருசா கட்டலாம்' என்று ஜமாஅத் முடிவெடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இடிக்கும் முன் ஒரு அளவு வரைபடம்கூட எடுக்கப்படுவதில்லை.

5. விபத்து: சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபுகளின் அரண்மனை வளாகத்தில் உள்ள கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். பிறகு பொதுப்பணித்துறை அதைச் சுண்ணாம்பு, மரம் என்று பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. தீ சொல்லிவிட்டு வராது. எரிந்த பிறகு அளவு எடுக்க முடியாது.

கோட்டைகளைப் பொறுத்தவரை ஆறாவதாக ஒன்று உண்டு. சுவரில் பெயர் கிறுக்குவது. இதைப் பற்றித் தனியாக விளக்கம் தேவையில்லை.

டிஜிட்டல் ஆவணம் அப்படின்னா என்ன?

நாலு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதை டிஜிட்டல் ஆவணம் என்று சொல்ல முடியாது. நாளைக்கு அந்தக் கட்டடம் இல்லாமல் போனாலும், அதன் ஒவ்வொரு தூணின் உயரம், சுவரின் கனம், வளைவின் சாய்வு எல்லாவற்றையும் அளந்து எடுக்கக்கூடிய பதிவாக அது இருக்க வேண்டும். நான்கு முறைகள் பரவலாகப் பயன்படுகின்றன.

போட்டோகிராமெட்ரி: ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு 70, 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். மென்பொருள் எல்லாப் படங்களிலும் பொதுவாக இருக்கும் புள்ளிகளைக் கண்டுபிடித்து, 3டி மாடலாக மாற்றிவிடும். நம் இரண்டு கண்களும் தூரத்தை உணரும் அதே தத்துவம்தான். இதற்குச் செல்போன் கேமராகூடப் போதும்.

லேசர் ஸ்கேனிங்: மூன்று காலில் நிற்கும் கருவி சுற்றிச் சுழன்று லேசர் ஒளியை வீசும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். நொடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகள். துல்லியம் மில்லிமீட்டர் கணக்கில். இருட்டான உள்ளறையிலும் வேலை செய்யும். ஆனால் கருவியின் விலை அதிகம், பயிற்சி பெற்றவர் வேண்டும்.

ட்ரோன்: கும்மட்டத்தின் உச்சி, மினாரின் தலை, மதிலின் வெளிப்பக்கம் போன்ற, ஆள் ஏற முடியாத இடங்களுக்கு. சங்ககிரி மாதிரி மூன்று பக்கமும் செங்குத்தான மலையில் கீழேயிருந்து பார்த்தால் பாதி மதில் தெரியாது.

ஒளி சாய்த்துப் படமெடுத்தல்: தேய்ந்துபோன கல்வெட்டுக்கு இது கைகொடுக்கும். கேமராவை அசைக்காமல் வைத்து, விளக்கை மட்டும் பல கோணங்களில் நகர்த்திப் பல படங்கள் எடுப்பார்கள். கம்ப்யூட்டரில் ஒளியின் திசையை மாற்றிப் பார்க்கும்போது, வெறும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். தமிழ், அரபி, பாரசீகம் எந்த எழுத்தாக இருந்தாலும் சரி.

சில ஐபோன் புரோ மாடல்களில் 2020 முதல் சிறிய லேசர் சென்சார் இருக்கிறது. அது சுமார் 5 மீட்டர் தூரம் வரை அளக்கும். ஓர் அறை, ஒரு மிஹ்ராப், ஒரு கபர் இவற்றுக்கு உதவும். கோட்டைக்குப் போதாது.

இது ஒன்றும் புதுசு இல்லை!

1792-ல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஓவியர்கள் பாராமகால் பகுதிக்கு வந்தார்கள். போர் முடிந்த சூட்டோடு ராயக்கோட்டை உள்ளிட்ட மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். அந்த ஓவியங்கள்தான் இன்றும் அந்தக் கோட்டைகளின் பழைய தோற்றத்துக்குச் சான்று.

அடுத்து புகைப்படம். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் மற்ற இடங்களையும் படமெடுத்தார். அந்தத் தொகுப்பு 1858-ல் வெளிவந்தது.

அதே 1858-ல் ஜெர்மனியில் இன்னொன்று நடந்தது. ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற இளம் கட்டடக் கலைஞர், வெட்ஸ்லார் நகர தேவாலயத்தை அளக்க உயரத்தில் ஏறியபோது கீழே விழப் பார்த்தார். மயிரிழையில் தப்பினார். உயிரைப் பணயம் வைத்து ஏன் ஏறி அளக்க வேண்டும், புகைப்படத்திலிருந்தே அளக்க முடியாதா என்று யோசித்தார். அங்கேதான் கட்டடங்களுக்கான போட்டோகிராமெட்ரி பிறந்தது. 1885-ல் அவர் இதற்காகவே பெர்லினில் ஓர் அரசு நிறுவனத்தை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் இடிந்த பல கட்டடங்களை மீட்க அந்த நிறுவனத்தின் கண்ணாடித் தகடுகள் உதவின.

இதனால் உண்மையில் பலன் கிடைத்திருக்கா?

கிடைத்திருக்கிறது. சில உதாரணங்கள்:

டெல்லி ஹுமாயூன் சமாதி: ஆகா கான் கலாசார அறக்கட்டளை, இந்தியத் தொல்லியல் துறையோடு சேர்ந்து 2007 முதல் 2013 வரை இங்கே பெரிய சீரமைப்பைச் செய்தது. லேசர் ஸ்கேன் மூலம் முழுக் கட்டடமும் அளக்கப்பட்டது. 20-ம் நூற்றாண்டில் கூரை மேல் கொட்டப்பட்டிருந்த சுமார் 10 லட்சம் கிலோ கான்கிரீட் சுரண்டி எடுக்கப்பட்டது. எங்கே எது பழசு, எது பிறகு சேர்ந்தது என்று தெரிந்தால்தான் இப்படிக் கை வைக்க முடியும்.

ஈராக் மொசூல்: அல்-நூரி பள்ளிவாசலும், சாய்ந்து நிற்கும் அதன் அல்-ஹத்பா மினாரும் 12-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 2017 ஜூனில் ஐஎஸ் அமைப்பினர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். யுனெஸ்கோ முன்னின்று, ஐக்கிய அரபு அமீரக நிதியுதவியோடு, பழைய படங்களையும் அளவுகளையும் இடிபாட்டில் கிடைத்த செங்கற்களையும் வைத்து மீண்டும் எழுப்பியது. 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. மினார் பழையபடியே சாய்ந்து நிற்கிறது.

மொசூல்காரர் ஒருவர்: எடுத்துச் செல்லக்கூடிய லேசர் ஸ்கேனர் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரான பென் கசைரா பிறந்தது இதே மொசூலில். ஆப்கானிஸ்தானில் பாமியான் புத்தர் சிலைகள் 2001-ல் தகர்க்கப்பட்டதைப் பார்த்துவிட்டு, 2003-ல் சைஆர்க் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். உலகின் பழஞ்சின்னங்களை ஸ்கேன் செய்து வைப்பதுதான் வேலை.

வங்கதேசம் பாகர்ஹாட்: 15-ம் நூற்றாண்டுப் பள்ளிவாசல் நகரம். கடல் உப்பு செங்கற்களை அரிக்கிறது. சைஆர்க் இங்கே 3டி பதிவு செய்தது. கூகுளோடு சேர்ந்து 2020-ல் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. வெள்ளமும் வெப்பமும் நிறைந்த நம்ம ஊருக்கும் இது பாடம்.

கேரளா கொடுங்கல்லூர்: சேரமான் ஜும்ஆ பள்ளிவாசலில் 1970-களில் கான்கிரீட்டில் விரிவாக்கம் நடந்து பழைய தோற்றமே மறைந்துபோனது. முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தில், பழைய புகைப்படங்களின் துணையோடு பழைய வடிவத்துக்கு மீட்டார்கள். கூட்டத்துக்கு இடம் வேண்டுமே? தொழுகைக் கூடத்தைத் தரைக்கு அடியில் கட்டினார்கள். 'பழசு வேணுமா, இடம் வேணுமா' என்ற கேள்விக்கு இரண்டும் வேண்டும் என்று பதில் சொன்ன கட்டடம் இது.

எதிர் உதாரணமும் உண்டு. சிரியாவின் அலெப்போ பெரிய பள்ளிவாசலின் மினார் 1090-ம் ஆண்டுக் கட்டுமானம். 2013 ஏப்ரலில் போரில் விழுந்தது. 900 ஆண்டுகளுக்கு மேல் நின்றது, ஒரே நாளில் கல் குவியலானது.

தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் பதிவு செய்ய என்ன இருக்கு?

'கும்மட்டமும் மினாரும் இருந்தால்தானே மசூதி' என்று நினைக்கலாம். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. காயல்பட்டினம், கீழக்கரையின் பழைய பள்ளிவாசல்கள் கல் தூண், தட்டையான கல் கூரை, போதிகை என்று தமிழ்நாட்டுக் கல்தச்சர் மரபிலேயே கட்டப்பட்டவை. உருவச் சிற்பம் இருக்காது. பூ, கொடி, வடிவியல் கோலங்கள் மட்டும் இருக்கும். இவற்றையெல்லாம் நேரில் அளந்து வரைபடம் போட்ட ஆய்வாளர் மெஹர்தாத் ஷுகூஹி, தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய நூலை 2003-ல் வெளியிட்டார்.

சேலம், நாமக்கல் பக்கம் வேறு கலவை. மைசூர், தக்காணத் தாக்கம் ஒரு பக்கம், கொங்கு நாட்டுக் கல் வேலை இன்னொரு பக்கம். உருது பேசும் குடும்பங்களும் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்களும் சேர்ந்து வாழும் பகுதி இது. ஒரு பழைய பள்ளிவாசலில் கவனிக்க வேண்டியவை:

மிஹ்ராப், மிம்பர், ஹவுழ் இவற்றின் அளவும் வடிவமும்.

கட்டடத்தின் திசை. இங்கிருந்து மக்கா மேற்கே, சற்று வடக்கு சாய்ந்து இருக்கிறது. பழைய காலத்தில் நேர் மேற்கு நோக்கிக் கட்டிய பள்ளிகளும் உண்டு. சுவரின் கோணத்தைப் பதிவு செய்தால், கட்டியவர்கள் திசையை எப்படிக் கணித்தார்கள் என்பது தெரியும். இடித்துக் கட்டும்போது முதலில் அழிவது இந்தச் சான்றுதான்.

தூண், உத்தரம், கதவு, சுதை வேலை. தச்சர், கொத்தனாரின் கைவண்ணம் இதில்தான் இருக்கும்.

வளாகத்தில் உள்ள கபர்கள், அவற்றின் கல்லறைக் கல் எழுத்துகள்.

'உமீத் போர்ட்டல்ல ஏத்தியாச்சே, அது போதாதா?'

இந்தக் குழப்பம் பலருக்கு இருக்கிறது. மத்திய அரசு 2025 ஜூன் 6-ல் உமீத் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. வக்ஃப் சொத்துகளின் விவரங்களை ஜியோடேக் எனும் இருப்பிடக் குறியீட்டோடு பதிவேற்ற வேண்டும் என்பது விதி. அதற்கு 6 மாத அவகாசம் தரப்பட்டது.

அது சொத்துப் பதிவேடு. நிலம் எங்கே, எவ்வளவு, யார் பொறுப்பு என்பதைச் சொல்லும். தூணின் உயரத்தையோ கூரையின் அமைப்பையோ கல்வெட்டின் வாசகத்தையோ சொல்லாது. நிலத்துக்குப் பட்டா, கட்டடத்துக்கு 3டி ஆவணம். இரண்டும் தனித்தனி.

யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

சங்ககிரி, நாமக்கல் கோட்டைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. இப்படிப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். தொழில்முறைக் கேமரா, ஸ்கேனர், ட்ரோன் கொண்டுபோவதற்கும் துறையின் அனுமதி அவசியம். இதற்கான மின் அனுமதி இணையதளத்தைத் தொல்லியல் துறை 2023 செப்டம்பரில் புதுப்பித்து வெளியிட்டது.

ஊர்ப் பள்ளிவாசல், தர்கா என்றால் முத்தவல்லி, ஜமாஅத் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். எழுத்துப்பூர்வமாக வாங்குவது நல்லது. தொழுகை நேரத்தில் கருவியை வைக்கக் கூடாது. செருப்போடு போகக் கூடாது. தொழுபவர்களின் முகம் பதிவாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உருஸ், சந்தனக்கூடு நாட்களில் அளக்கப் போவது வேலைக்கு ஆகாது.

ட்ரோனுக்கு 2021 ட்ரோன் விதிகள் பொருந்தும். எந்த இடத்தில் பறக்கவிடலாம் என்பதை அரசின் வான்வெளி வரைபடத்தில் பார்க்க வேண்டும். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருப்பதால் அதைச் சுற்றியுள்ள ஊர்களில் கட்டுப்பாடு உண்டு.

ஒரு ஊர் ஜமாஅத் குறைந்த செலவில் எப்படி தொடங்கலாம்?

பெரிய பட்ஜெட் வந்தால்தான் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இடிக்கவோ பெயின்ட் அடிக்கவோ முடிவு செய்தவுடனே, வேலை தொடங்கும் முன், இதைச் செய்யலாம்.

1. முதலில் டேப் அளவு. நீளம், அகலம், உயரம், சுவர்க் கனம் எல்லாவற்றையும் ஒரு தாளில் கையால் வரைந்து குறிக்கவும். கம்ப்யூட்டர் மாடலைச் சரிபார்க்க இது தேவைப்படும்.

2. வெயில் ஏறும் முன் காலையிலோ மேகமூட்டமான நாளிலோ படம் எடுக்கவும். கடும் நிழல் விழுந்தால் மாடல் பிசகும்.

3. ஒரே இடத்தில் நின்று சுழலாமல், நகர்ந்துகொண்டே எடுக்கவும். சுவரின் மேல், நடு, கீழ் என்று மூன்று வரிசை. ஜூம் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், பிளாஷ் வேண்டாம்.

4. சுவர் ஓரம் ஒரு அளவுகோலை வைக்கவும். ஒரு மீட்டர் கம்பு இருந்தாலும் போதும். அளவுகோல் இல்லாத மாடலில் தூண் 6 அடியா 16 அடியா என்று தெரியாது.

5. கல்வெட்டு இருந்தால் சுரண்டக் கூடாது, சுண்ணாம்பு தேய்த்து எழுத்தை எடுத்துக்காட்டக் கூடாது, எண்ணெய் பூசக் கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பல கோணங்களில் படமெடுத்தாலே பாதி எழுத்து தெரிந்துவிடும்.

6. மெஷ்ரூம், கோல்மேப் போன்ற இலவச மென்பொருள்களில் மாடல் உருவாக்கலாம். பக்கத்து இன்ஜினீயரிங், ஆர்க்கிடெக்சர் கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல புராஜெக்ட்.

7. பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யவும். 'இந்தத் தூண் எங்கிருந்து வந்தது', 'கூரை எந்த வருஷம் மாத்துனாங்க', 'ஹவுழ் முன்னாடி எங்க இருந்துச்சு' என்று கேட்கலாம். லேசர் இதைச் சொல்லாது. அந்தப் பாட்டியும் தாத்தாவும்தான் சொல்ல முடியும்.

8. வீட்டு ஆல்பங்களைத் தேடவும். நிக்காஹ் போட்டோவின் பின்னணியில் பழைய பள்ளிவாசல் முகப்பு இருக்கலாம். கொடுங்கல்லூரில் கைகொடுத்ததும் பழைய படங்கள்தான்.

ஸ்கேன் எடுத்தாச்சு... எங்கே வைப்பது?

நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரே பென்டிரைவில் வைத்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அது திறக்காது. கோட்டையாவது 500 வருஷம் நின்றது, ஹார்டு டிஸ்க் பத்து வருஷம் நிற்குமா என்பது சந்தேகம்.

உலகம் முழுக்கப் பின்பற்றும் எளிய கணக்கு 3-2-1. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில். மாடலை மட்டுமல்ல, மூலப் படங்களையும் வைக்க வேண்டும். நாளைய மென்பொருள் அதே படங்களிலிருந்து இன்னும் துல்லியமான மாடலை உருவாக்கும். எடுத்த தேதி, எடுத்த கருவி, கட்டடத்தின் பெயர், ஊர், அனுமதி தந்தவர் விவரம் எல்லாம் ஒரு குறிப்பில் இருக்கட்டும்.

பொதுவெளியில் வைக்கவும் வழி உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் தகவலாற்றுப்படை தளத்தில் தமிழ்நாட்டின் தொல்லியல் இடங்கள், வழிபாட்டுத் தலங்கள், கல்வெட்டுகள் பற்றிய விவரங்கள் தொகுக்கப்படுகின்றன. இலங்கையில் 2005-ல் தொடங்கிய நூலகம் அமைப்பு, தமிழ் பேசும் முஸ்லிம் சமூகத்தின் ஆவணங்களையும் சேர்த்தே டிஜிட்டலாக்கி வருகிறது. 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகத்துக்குப் பிரதி எடுத்து வைப்பதன் அருமை தெரியும். உலக அளவில் இஸ்லாமியக் கட்டடக்கலைக்கென்றே ஆர்க்நெட் என்ற இலவசத் தளம் இருக்கிறது. ஆகா கான் அறக்கட்டளையும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது அது.

இதில் ஆபத்து ஏதும் இல்லையா?

இருக்கிறது. மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, 'ஸ்கேன் எடுத்தாச்சு, இனி இடிக்கலாம்' என்ற மனநிலை. 3டி மாடலில் யாரும் தொழ முடியாது. காரையின் குளிர்ச்சியை அது தராது. ஆவணம் என்பது கட்டடத்தைக் காப்பதற்கான கருவி. இடிப்பதற்கான அனுமதிச் சீட்டாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, ஏஐ. உடைந்த மினாரையோ அழிந்த கல்வெட்டையோ ஏஐ-யிடம் கொடுத்தால் அழகாக நிரப்பித் தரும். அது கற்பனை. எது அளந்தது, எது ஊகித்தது என்பதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது இந்தத் துறையின் அடிப்படை நெறி. இல்லாவிட்டால் இருபது வருஷம் கழித்து அந்தக் கற்பனையே வரலாறாகிவிடும். கோயிலும் மசூதியும் அடுத்தடுத்து நிற்கும் இடங்களில் ஊகத்தை உண்மையாகக் காட்டினால் வம்பும் வரும். அளவோடு எடுத்த நேர்மையான பதிவு இருந்தால், வாட்ஸ்அப் வதந்திக்குப் பதில் சொல்ல ஆதாரம் இருக்கும்.

மூன்றாவது, உரிமை. வெளியூர்க் குழு வந்து ஸ்கேன் எடுத்தால், ஒரு முழுப் பிரதி ஜமாஅத்துக்கும் கிடைக்க வேண்டும். எங்கே வெளியிடுவார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குவது நல்லது.

சுருக்கமாக...

சேலம், நாமக்கல் சமவெளியின் மலைக்கோட்டைகளை 1792-ல் ஓவியர்கள் வரைந்தார்கள். 1858-ல் புகைப்படக்காரர் படமெடுத்தார். இரண்டு முறையும் பதிவு செய்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், பார்த்தது அவர்களுடைய கண். இன்று அதைவிடத் துல்லியமான கருவி அந்தந்த ஊர்க்காரர்களின் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலோ தர்காவிலோ அடுத்த முறை மராமத்து வேலை பேசப்படும்போது, கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முந்தைய நாளைப் பதிவுக்கென்று ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம். செலவு அதிகமில்லை. தேவை ஒரு டேப், ஒரு செல்போன், ஒரு காலைப்பொழுது.